அக்காவுக்கு ஒரு டெலஸ்கோப்

என் கணவர் எதையும் வாங்க மாட்டார், தேர்ந்தெடுப்பார். எங்கள் வீட்டுக்கு ஒரு வாஷிங்மெஷின் வந்து சேரப் பதினொரு மாதம் ஆயிற்று. அந்தப் பதினொரு மாதமும் போர்வைகளை அடித்துத் துவைத்தது நான். அவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது வேலை. தெருவில் அவருக்குப் பெயரே தராசு. என் முன்னால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவர் முன்னால் நான் சொல்லுவேன்.

அப்படிப்பட்ட மனிதரிடம் போய் என் அக்கா ஒரு டெலஸ்கோப் கேட்டாள்.

அக்கா இருபத்திரண்டு வருடம் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டியவள். விடிவதற்கு முன்னால் கிளம்பி, ஊர் எழுந்திருப்பதற்குள் அத்தனை கடைக்கும் சரக்கு இறக்கிவிடுவாள். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று தனிக்கட்டையாகவே இருந்துவிட்டாள். ஒருநாள், நிறுத்தி வைத்திருந்த சைக்கிள் மேல் வண்டியை ஏற்றிவிட்டாள். சைக்கிள் அவள் கண்ணில் படவே இல்லையாம். கண் டாக்டர் விளக்கை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார். இருட்டில் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, பக்கவாட்டுப் பார்வை குறுகிக்கொண்டே வரும், நடுவில் மட்டும் கொஞ்ச காலம் தெரியும், எவ்வளவு காலம் என்று என்னைக் கேட்காதீர்கள் என்றார். அக்கா கேட்கவில்லை. வேன் சாவியை முதலாளி மேஜையில் வைத்துவிட்டு, ஒரே ஒரு பெட்டியுடன் எங்கள் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த வாரமே ஒருநாள் சொன்னாள்.

"பாலத்துக்கு மேல வேன் ஏறும்போது ஒண்ணு மினுங்காம அப்படியே நிக்கும். அது சனின்னு ரேடியோவுல சொன்னாங்க. அதுக்கு வளையம் இருக்காமே. கண்ணு முழுசா போறதுக்குள்ள அதை ஒரு தடவை பார்த்துட்டா போதும்."

என் அக்கா யாரிடமும் எதுவும் கேட்டவள் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட எழுந்து போய்த் தானே எடுத்துக்கொள்வாள்.

"அவ்வளவுதானே அக்கா? நான் பார்த்துக்கறேன்" என்றார் என் கணவர். அந்த வார்த்தையைக் கேட்டதுமே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து ஓர் அட்டவணையை அச்சடித்து வாங்கிக்கொண்டு போனார். பதினான்கு பத்தி. லென்ஸ் வைத்ததா, கண்ணாடி வைத்ததா, குழாயின் விட்டம் எவ்வளவு, தாங்கியின் கால் மரமா இரும்பா, திருகாணி பித்தளையா பிளாஸ்டிக்கா. அடுத்த வாரம் அதே அட்டவணை திருத்தப்பட்டு வந்தது. அதற்கடுத்த வாரம் படுக்கைவாட்டில் வந்தது. என் கடையில் கல்யாணப் பத்திரிகைகூட இத்தனை தடவை திருத்தியதில்லை.

"ஏங்க, ஒரு குழாய் வாங்க இத்தனை பேப்பரா?"

"அவசரப்பட்டு வாங்கறவங்கதாம்மா ஆறு மாசத்துல அதைப் பரண்ல தூக்கிப் போடறாங்க. முதல் டெலஸ்கோப் சரியா அமையணும்."

அவருடன் கடைக்கும் போனேன். அட்டைப்பெட்டி மேல் வானமே வெடித்துச் சிதறுவதுபோல் படம் போட்டு, அறுநூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று எழுதியிருந்தது. விற்பனைக்காரர் அதைத்தான் எடுத்து நீட்டினார். எனக்குப் பிடித்திருந்தது. இவர் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாங்கியின் காலை ஒரு விரலால் தட்டினார். அது கிடுகிடுவென்று ஆடியது.

"இப்படி ஆடினா சனி எங்க நிக்கும்? மடங்கு யாருக்குங்க வேணும்? வெளிச்சத்தை எவ்வளவு வாங்குதுங்கறதுதான் கணக்கு. வாய் அகலமா இருக்கணும்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பாகப் பேசுகிறவரோடு சண்டை போடலாம். சரியாகவே பேசிக்கொண்டு ஒன்றும் செய்யாத மனிதரை என்ன செய்வது?

மூன்று மாதம் போயிற்று. ஒருநாள் மலர்ந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"இனிமே அவசரமே இல்லை. சனி சூரியனுக்குப் பின்னாடி போகுது. சாயங்கால வானத்துக்குத் திரும்பி வர நிறைய மாசம் ஆகும். நிதானமா முடிவு பண்ணலாம்."

கையில் இருந்த ஸ்டேப்ளரை மேஜை மேல் அடித்தேன். உடைந்தது. அதற்கும் ஓர் அட்டவணை போட்டுவிடுவாரோ என்று பயந்து நானே ஓடிப்போய்ப் புதிது வாங்கிவந்தேன்.

சனி திரும்பி வரும். அக்காவின் கண்? பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். திறந்து கிடந்த அலமாரிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டு, "எங்க வச்சேன் என் புத்தியை" என்று சிரித்தாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொள்வாள், நிறைவது தெரிய. நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

டெலஸ்கோப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் கத்தினேன். காலையில் கத்தினேன், கடையை மூடிவிட்டு வந்து கத்தினேன். அவர் ஒவ்வொரு தடவையும், "நீ சொல்றது நியாயம்தான்" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவினார்.

வருடம் திரும்பியது. டாக்டர் மறுபடி சோதித்து, அக்காவுக்குத் தெரிகிற அளவைக் காகிதத்தில் வட்டமாக வரைந்து காட்டினார். போன தடவை தட்டு அளவு இருந்தது. இந்தத் தடவை வளையல் அளவுகூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் அட்டவணைகளை எல்லாம் அள்ளி அவர் மடியில் போட்டேன்.

"நாளைக்கு வீட்டுக்கு டெலஸ்கோப் வரலைன்னா நான் வரமாட்டேன்."

வந்தது. கண்ணாடி வைத்த குழாய், அகலமான வாய், ஆடாத கால். முதல் அட்டவணையின் முதல் வரியில் இருந்தது எதுவோ, அதேதான். ஒரு வருடம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறார்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெட்டியைப் பிரித்தவுடன் என்ன செய்தார் தெரியுமா? தாங்கியை எடை போட்டார். பெட்டியில் அச்சடித்த எடையைவிட இருநூறு கிராம் குறைகிறதாம். கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுத்தான் திருகாணியைத் தொட்டார்.

அப்புறம் ஒன்பது நாள் மேகம்.

பத்தாம் நாள் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஏழரை மணிக்கு அக்காவைக் கைப்பிடித்து மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் கணவர் கையேட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குழாயை அப்படியும் இப்படியும் திருப்பினார். முக்கால் மணி நேரம். மூச்சு விட்டால்கூட அதட்டினார்.

"கிடைச்சிடுச்சு! மங்கலா இருக்கு. ஆனா வளையம் இருக்கு."

"மங்கலாவா?" என்றேன்.

"போட்டோல இருக்கறமாதிரி எதிர்பார்க்கக் கூடாதும்மா. புதுசா பார்க்கறவங்க ஏமாந்து போறதே அதனாலதானாம். அக்கா, வாங்க."

அக்கா குனிந்தாள். கண்ணை வைக்கவேண்டிய இடத்தில் நானே அவள் முகத்தைப் பிடித்து வைத்தேன். நாங்கள் காத்திருந்தோம். அவள் கழுத்தை நீட்டினாள், குறுக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள்.

"தெரியுதா அக்கா?"

வெகுநேரம் கழித்து, "தெரியுது. ரொம்ப அழகா இருக்கு" என்றாள். "ரொம்ப சந்தோஷம் தம்பி. போதும்."

அவள் நகர்ந்ததும் நான் குனிந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. பூமி சுழல்கிற வேகத்தில் சனி எப்போதோ குழாயை விட்டு நழுவியிருந்தது. வெறும் இருட்டைப் பார்த்துத்தான் அக்கா அழகு என்று சொல்லியிருக்கிறாள். எங்களுக்காக.

அவள் படுத்த பிறகு சமையலறையில் வைத்து அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். இருநூறு கிராமுக்குக் கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு ஒரு மனுஷியின் கண் தேய்வது தெரியவில்லையா என்று கேட்டேன். முதல் தடவையாக, நியாயம்தான் என்று அவர் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

மறுநாள் கடைக்குப் போகவில்லை. அந்தச் சனியனைப் பெட்டியில் போட்டுக் கண்ணில் படாமல் பரணில் ஏற்றிவிட வேண்டும் என்று மாடிக்குப் போனேன். குழாயின் வாயில் சின்ன ஓட்டை ஒன்று. பக்கத்திலேயே அதற்கான மூடி, பாட்டில் மூடிக்குக் கொஞ்சம் பெரிது. அதை எடுத்து அழுத்தி மூடினேன். மூடியதும் கை அங்கேயே நின்றது. வாய் அகலமாக இருக்க வேண்டும், வாய் அகலமாக இருக்க வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டிருக்கிறேனே. இது அகலமா?

விளிம்பில் நகத்தைக் கொடுத்து இழுத்தேன். சோற்றுத்தட்டு அளவுக்கு ஒரு கறுப்பு மூடி முழுசாகக் கையோடு வந்தது. உள்ளே கண்ணாடி பளபளவென்று என் முகத்தைக் காட்டியது.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"பெரிய மூடியைக் கழட்டினீங்களா?"

"எந்தப் பெரிய மூடி? சின்ன மூடியைக் கழட்டணும்னு நாலாம் பக்கத்துல போட்டிருக்கே."

"அது எதுக்குன்னு போட்டிருக்கு? படிங்க."

காகிதம் புரளும் சத்தம். கையேட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்!

"நிலா கண் கூசினா மட்டும்..." என்று படித்தவர் பாதியில் நின்றார். "ஐயோ."

"ஊர்ல இருக்கற அத்தனை தராசையும் சரிபார்க்கற மனுஷன்! மூடி போட்ட குழாய்ல எங்க அக்காவைப் பார்க்க வச்சிருக்கீங்க!"

கத்தினேன், சிரித்தேன், கடைசியில் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அவளுடைய கண்ணில் பார்வை இன்னும் மிச்சம் இருக்கலாம்.

சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள்.

"அதான் நேத்தே பார்த்துட்டேனே. முட்டி வலிக்குது. நீங்க போய்ப் பாருங்க."

"நேத்து நீ ஒண்ணும் பார்க்கலை."

அக்கா முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"பொய் சொன்னே. எனக்குத் தெரியும். தப்பு உன் கண்ணு மேல இல்லை, உன் தங்கச்சி புருஷன் மேல. மூடியைக் கழட்டலை. எழுந்திரு."

கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனேன். இந்தத் தடவை அவர் பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டார். கண்ணை வைத்ததும் "அடேயப்பா" என்று பின்னால் நகர்ந்தார். அக்காவின் தோளைத் தொட்டு, பேசாமல் இடம் விட்டார்.

அக்கா குனிந்தாள். தலையை ஒரு நூல் இந்தப் பக்கம், ஒரு நூல் அந்தப் பக்கம் நகர்த்தித் தேடினாள்.

"சாஞ்சிருக்கு" என்றாள் திடீரென்று. "சாஞ்சிருக்குன்னு ஏன் யாரும் சொல்லலை?"

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"உருண்டை தனியா இருக்கு, வளையம் ஒட்டலை. நடுவுல இருட்டு தெரியுது."

இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ரொம்ப நேரம் அப்படியே குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது அழுதிருப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவள் முகத்தில் கோபம். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிறேன், அக்கா கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"நான் கேட்டப்போ இது மேலதான் இருந்ததா?"

"இருந்தது அக்கா" என்றார் என் கணவர் மெதுவாக.

"அப்போ எனக்குப் படிக்கட்டு தெரிஞ்சுது. யார் கையும் பிடிக்காம தனியா ஏறி வந்திருப்பேன். தினமும் வந்திருப்பேன். ஒரு வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்து என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

ரெண்டு பேரும் என்றாள். அவரைக் கைகாட்ட வாயைத் திறந்தேன். கடை எங்கே இருக்கிறதென்று எனக்கும் தெரியும். ஒருநாள் நடந்துபோய் ஒன்றை வாங்கி வந்திருக்கலாம். ஒரு வருடமாக அவரைத் திட்டினேன், அவருக்குக் காகிதமும் அச்சடித்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

"மரம் மாதிரி நிக்காதீங்க. நகர்ந்து போயிடுச்சு, திருப்புங்க" என்று அதட்டினாள் அக்கா.

அவர் அவசர அவசரமாகக் குழாயைத் திருப்பினார். நான் அவள் முகத்தைப் பிடித்து வைக்கப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டு அவளே குனிந்துகொண்டாள்.

"நாளைக்கும் வேணும்" என்றாள், கண்ணை எடுக்காமல். "நாளன்னைக்கும். மேகமா இருந்தாலும் என்னைக் கூப்பிடணும்."