பூசாத சுண்டு விரல்

புன்மாவின் வலது கையை விரித்து மெத்தை விளிம்பில் வைத்திருந்தார்கள். நோங்கான் ஊரே வரிசையில் வந்து அந்த உள்ளங்கையில் மல்லிகை மிதந்த நீரை ஊற்றியது. தங்கை சவீவன் கிண்ணத்துடன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நேற்று சாப்பிட்டுப் படுத்தவன் காலையில் எழவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. நீர் தட்டில் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊற்றியவர்கள் எல்லோரும் அவன் நகங்களைப் பார்த்தார்கள். நல்ல சிவப்பு. சுண்டு விரல் மட்டும் வெறுமையாக இருந்தது.

"ஒரு விரலை விட்டுட்டீங்களேடி," என்றாள் பக்கத்து வீட்டு லம்யை அத்தை. "புருஷன் தேடி அலையுற விதவைப் பேய்க்கு அது ஒண்ணு போதாதா? பொம்பளை இல்ல, ஆம்பளைன்னு தெரிஞ்சு போயிருக்கும்."

"பாட்டில் தீந்துபோச்சு. காலையில வாங்கிக்கலாம்னு சவீவன்தான் சொன்னா," என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல். திட்டியிருந்தால் தேவலை.

போன வருஷம் சித்தப்பாவும் இப்படித்தான் தூக்கத்திலேயே போனார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் குடும்பத்தையே வரச்சொல்லி மார்பில் ஒயர் ஒட்டிப் பார்த்தார். அண்ணனுக்கும் சவீவனுக்கும் காகிதத்தில் ஒரே மாதிரி கோணல் கோடு விழுந்தது. "உனக்கு பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதும்மா. இது ஆம்பளைங்களைத்தான் அதிகமா கொண்டுபோகுது," என்றார். இந்த ஒரு விஷயத்தில் டாக்டருக்கும் பேய்க்கும் கருத்து வேற்றுமை இல்லை. இதயம் நின்றுவிடாமல் காக்க அண்ணன் நெஞ்சில் கருவி வைக்க வேண்டும் என்றபோது, நெல் அறுப்பு முடியட்டும் என்று வந்துவிட்டான். தம்பி சக்தாவோ, ஒயரைக் கண்டதும் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி பஸ் ஏறிவிட்டான்.

சவப்பெட்டியை மூடிய பிறகு சவீவன் சமையலறையில் ஒட்டரிசிச் சோறு வைக்கும் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். சக்தா வந்து நின்றான். கையில் புது நெயில் பாலிஷ் பாட்டில். சிவப்பு நகங்களைக் காட்டி அண்ணனை 'அண்ணி' என்று கூப்பிட்டுச் சிரித்தவன் இவன்தான்.

"பூசி விடுக்கா."

"ஆஸ்பத்திரிக்கு வா. சாயங்காலம் பிக்குகள் ஓத வர்றதுக்குள்ள திரும்பிடலாம்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல பூசு. இன்னைக்கு நான் எப்படித் தூங்குறது?"

அப்புறம். அண்ணனும் அதையேதான் சொன்னான். அவளுக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து அவளுக்குள் வந்த முதல் சங்கதி அது. அவன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டு சூடாக இருந்தது. இடது கை முடிந்து வலது கைக்கு வந்தாள். நிதானமாக, ஓரம் வழியாமல் பூசினாள். சுண்டு விரல் வந்ததும் பாட்டிலை இறுக்க மூடினாள்.

"இன்னும் ஒண்ணு இருக்குக்கா."

"இருக்கட்டும்."

"அக்கா, விளையாடாத."

"ஒயர் ஒட்டிப் பாத்துட்டு வா. பூசுறேன்." பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சக்தா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெட்டி இருந்த அறையை ஒருமுறை பார்த்தான். பிறகு ஆணியில் தொங்கிய அண்ணனின் பைக் சாவியை எடுத்தான்.

அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தச் சுண்டு விரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டே அவன் ஓட்டினான்.