தொட்டிக்குள் கரடி

மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பது அவள் வேலை. "எப்பதான் கரண்டு வரும்?" என்று சீறுகிறவர்களை நயமாகப் பேசி ஆற்றிவிட்டு, அழைப்பு ஓய்ந்த நேரத்தில் பிள்ளைகளுக்குக் கதை எழுதுவாள்.

"சின்னப் பசங்களுக்குத்தானே? ஒரு மத்தியானத்துல கிறுக்கிடலாமே," என்பாள் அவள் அக்கா.

"எங்க, கிறுக்கிக் காட்டு," என்பாள் இவள்.

முதலில் படிப்பவர் தையல்காரரான கணவர். தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவர் சிரித்தால் கதை தேறியது. "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னால் மறுபடி எழுதவேண்டும்.

வாயாடி என்றொரு சிறுமியின் கதைக்கு அவர் நாற்காலியிலிருந்து விழாத குறைதான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் கரடி இருக்கிறது என்று அந்தச் சிறுமி தொண்டை கிழியக் கத்துகிறாள். ஒருவரும் நம்பவில்லை. குழாயில் தண்ணீர் நின்றதும் பெரியவர்கள் மேலே ஏறி மூடியைத் திறக்கிறார்கள். உள்ளே குளித்துக்கொண்டிருந்த கரடி கையை நீட்டிச் சோப்புக் கேட்கிறது.

பல பதிப்பகங்கள் கைவிரித்த பிறகு ஒருவர் அதை அச்சிட்டார். புத்தகம் வந்த அன்று ஆசையாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பியவளுக்குப் பகீரென்றது. சோப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'நீதி: பொய் சொல்லக் கூடாது.'

உடனே பதிப்பாளரைக் கூப்பிட்டாள்.

"நீதி இல்லேன்னா பள்ளிக்கூடத்துல வாங்க மாட்டாங்கம்மா."

"கதையைப் படிச்சீங்களா, சார்?"

"படிச்சேனே... மேலோட்டமா."

எத்தனையோ பேரின் வசவைப் பொறுமையாகக் கேட்டவள், வாழ்க்கையில் முதன்முறையாகத் தொலைபேசியைப் படாரென்று வைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு பள்ளியில் கதை வாசிக்க அழைத்திருந்தார்கள். புத்தகம் விற்கப் பதிப்பாளரும் வந்து முன்வரிசையில் அமர்ந்தார். அவள் வாயாடியாகக் கத்தினாள், கரடியாக உறுமினாள். சோப்பு வந்ததும் கூடமே அதிர்ந்தது. அத்தோடு புத்தகத்தை மூடிவிட்டாள்.

முன்பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்தாள். "கீழ ஒண்ணு போட்டிருக்கே மிஸ், அதைப் படிக்கல?"

"அதை எழுதினவர் அதோ உக்காந்திருக்கார். அவரையே கேளும்மா."

சிறுமி அவர் பக்கம் திரும்பினாள். "சார், தொட்டியில கரடி இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்ப வாயாடி சொன்னது?"

"நிஜம்தான்..."

"அப்ப யாரு பொய் சொன்னது?"

பதிப்பாளர் கைக்குட்டையால் முகத்தை ஒற்றினார். புத்தகத்தைப் புரட்டினார், அங்கே உதவிக்கு யாரும் இல்லை. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நான்தாம்மா," என்றார்.

பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறிக் குதித்தார்கள். தலைமையாசிரியை அதட்ட எழுந்து, தானும் சிரித்து உட்கார்ந்துவிட்டார். அவளுக்குக் கண் கலங்கியது. தன் கதைக்காக இத்தனை பேர் வரிந்துகட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

விஷயம் ஊரெல்லாம் பரவியது. நீதி இல்லாமல் அந்தப் புத்தகம் வேண்டும் என்று பள்ளிகளே கேட்டன. மறுபதிப்பில் அந்த வரி போயே போய்விட்டது.

"இனிமே ஒரு கமா போடறதானாலும் என்னைக் கேக்கணும்," என்றாள் பதிப்பாளரிடம்.

"புள்ளி வைக்கவும் கேக்கறேன், தாயே."

சொன்னபடி கேட்டார். அடுத்தடுத்து அவள் எழுதியதையெல்லாம் அவரே வெளியிட்டார், இப்போது முழுசாகப் படித்துவிட்டு. சில ஆண்டுகளில் அவள் வேலையை விட்டாள். புத்தகங்கள் ஓர் அலமாரியை நிறைத்து அடுத்ததற்குத் தாவின. வாயாடி வேற்று மொழிகளிலும் கத்தத் தொடங்கினாள். தலை நரைத்தபோது, நாட்டின் பெரிய இலக்கியப் பரிசு முதன்முறையாகச் சிறுவர் எழுத்துக்கு வந்தது. அதை வாங்கியவள் அவள்.

விழா முடிந்து கையெழுத்துப் போட உட்கார்ந்தாள். வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது. நடுவில் எங்கோ அக்கா, இரண்டு கையிலும் புத்தகங்களோடு, முன்னால் நிற்பவரிடம் "என் தங்கச்சியாக்கும்!" என்று அளந்துகொண்டிருந்தாள். கணவர் தேநீர்க் கோப்பையோடு மேசையை நோக்கி வந்தார். ஒரு வாண்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"தாத்தா, வரிசையில வாங்க!"

"நான் அவங்க வீட்டுக்காரர்ப்பா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் கோப்பையைப் பிடித்தபடி வரிசையின் கடைசியைத் தேடிப் போனார்.