வாயில் பஞ்சு

தையல்காரிக்கு வந்த கோபத்துக்கு, அவள் வாயில் பஞ்சு இருந்தது ஒருவகையில் ஊருக்கே நல்லது. பல்லைப் பிடுங்கிய இடத்தில் பல் டாக்டர் பஞ்சை மடித்து வைத்து, "ஒரு மணி நேரம் அழுத்திக் கடிச்சுக்கிட்டே இருங்கம்மா. வாயைத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். போயும் போயும் இன்றைக்கா போக வேண்டும்! கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்த சொல்லெல்லாம் தொண்டைக்குழியில் வந்து நிற்கிறது, கேட்க வேண்டிய மனுஷன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், வாயோ அடைத்துக் கிடக்கிறது.

அந்த மனுஷன் அவள் புருஷன். குழாய் வேலை செய்கிறவர்.

பல் கெட்டது அவளால்தான், அதை அவள் இல்லை என்று சொல்லவில்லை. கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுப்பாள். கடித்துக் கடித்து ஒரு பல் விரிசல் விட்டு, வேர்வரை சீழ் பிடித்துவிட்டது. எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். மற்றவர்களுக்கென்றால் அரைமணி நேர வேலை. இவளுக்கு அப்படியில்லை. இவள் நெஞ்சுக்குள் பழுதாகிப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு ஒன்று வைத்திருந்தார்கள். அதில் ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். கட்டியானால் அது மூளைக்குப் போய்க் கைகால் விழுந்துவிடலாம். வால்வையே அடைத்துக்கொண்டால் அதோடு கதை முடிந்தது.

ராத்திரி வீடு அடங்கியதும் அந்த வால்வு 'டிக் டிக்' என்று சன்னமாகச் சத்தம் போடும். ஆரம்பத்தில் அவளுக்கு அது எரிச்சலாக இருந்தது. குழாய்க்காரருக்கோ அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் தூக்கமே வரும்.

பல்லைப் பற்றிக் கேட்டபோது இதய டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தாதீங்க. ரத்தம் பரிசோதிச்சுட்டு, அளவு சரியா இருந்தா எடுத்துடுவாங்க. கொஞ்சம் கூடுதலா ரத்தம் வரும். தையல் போட்டு, பஞ்சு வச்சு நிறுத்திடுவாங்க." பல் டாக்டரும் அதையேதான் சொன்னார். இரண்டு டாக்டர்கள் ஒரே மாதிரி பேசுவது லேசில் நடக்கிற காரியமா? நடந்தது. நடந்தும் வீட்டில் மூன்றாவதாக ஒரு டாக்டர் கிளம்பினார்.

"ஒழுகுற குழாயைக் கழட்டணும்னா முதல்ல மெயின் வால்வை மூடணுமா, வேண்டாமா?" என்றார் குழாய்க்காரர். "மாத்திரையே சாப்பிடாத எங்க அண்ணனுக்குப் பல்லைப் பிடுங்கினப்ப தலையணையே நனைஞ்சு போச்சு. உனக்கு எப்படி நிக்கும்? நாலஞ்சு நாள் நிறுத்திட்டுப் போயேன்."

"நான் என்ன குழாயாங்க?" என்றாள். "படிச்சவங்க சொல்றதைக் கேளுங்க. என் நெஞ்சுல கை வைக்காதீங்க."

அவர் பேசாமல் இருந்தார். சண்டை அத்தோடு ஓய்ந்தது என்று இவளும் நம்பினாள்.

அவருடைய மௌனத்தை நம்பியிருக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு முறை மாத்திரை டப்பாவில் நாளுக்கொரு அறையாக நிரப்பி வைப்பது அவர்தான். இவள் ஒரு கையைத் துணிமேல் வைத்தபடியே மறு கையில் அள்ளி வாயில் போட்டு விழுங்குவாள். பார்ப்பதில்லை. கட்டின புருஷன் கொடுப்பதை எவள் உற்றுப் பார்க்கிறாள்?

பல் டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "மாத்திரை சாப்பிடுறீங்களா இல்லையா? மருந்து இருக்கிற ரத்தம் மாதிரியே இல்லையே."

"ஒரு நாள்கூட விட்டதில்லை டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். குழாய்க்காரர் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றார். அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது.

"எத்தனை நாளா?" என்றாள்.

"அஞ்சு நாளா... அதே நிறத்துல ஒரு சத்து மாத்திரை வாங்கி வச்சேன். உனக்கு ரத்தம் நிக்காமப் போயிடுமோன்னு..."

அவள் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். அதற்குள் பல் டாக்டர் இதய டாக்டரைப் போனில் பிடித்துவிட்டார். மறுமுனையில் அவர் கத்தியது நாற்காலிவரை கேட்டது. மறுபடி மருந்து ஏற்றுவதற்கு முன்னால் பல்லை உடனே எடுத்துவிட வேண்டுமாம், எடுத்த கையோடு இதய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமாம், வால்வில் ஏதாவது கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டுமாம். "சண்டையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்மா, வாயைத் திறங்க" என்றார் பல் டாக்டர். திறந்த வாய்க்கு ஊசி போட்டார்கள், பல்லை எடுத்தார்கள், பஞ்சை வைத்தார்கள். ஒரு வார்த்தை திட்ட அவகாசமில்லை.

இப்போது இதய ஆஸ்பத்திரி நடையில், ஸ்கேன் அறை வாசலில் பெஞ்சு. குழாய்க்காரர் வாய் ஓயவில்லை. "உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்... எனக்கு மட்டும் என்ன தெரியும்... அண்ணனைப் பார்த்த பயம்டி..." நல்லது செய்கிறேன் பேர்வழி என்று கிளம்புகிற ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களிடமிருந்து தப்பிப்பதற்கு ஒரு மாத்திரையும் கிடையாது. எதிரி என்றால் கவனமாக இருப்போம். வேலியே பயிரை மேய்ந்தால் எங்கே போய் முறையிடுவது? அவளுக்குச் சாவைவிட அதுதான் ஆத்திரமாக இருந்தது: வேண்டாம் என்று வாயால் சொன்ன பிறகும் அவள் உடம்பை அவர் தன் வேலையாக எடுத்துக்கொண்டார்.

கைப்பையில் துழாவினாள். துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டி கிடைத்தது. அவருடைய கறுப்புக் கால்சட்டையின் முழங்காலைப் பிடித்து இழுத்து, கொட்டை எழுத்தில் எழுதினாள்: பேசாதே.

அவர் வாயை மூடிக்கொண்டார். அவளை உள்ளே அழைத்தார்கள்.

படுத்திருந்தபோது கண்ணை மூடவில்லை. திரையில் அவள் இதயம் அசைந்தது. டாக்டர் வால்வையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் பஞ்சு, கேட்கவும் முடியாது. பஞ்சைக் கடித்த கடியில் தாடையே நொறுங்கிவிடும் போலிருந்தது.

"கட்டி இல்லம்மா" என்றார் கடைசியில். "நல்லா திறந்து மூடுது. பிழைச்சீங்க. உறையாம இருக்க ஊசி போடுவோம், ரெண்டு மூணு நாள் இங்கேயே இருங்க. இன்னிக்கே மாத்திரையை ஆரம்பிச்சுடணும்."

வெளியே வந்து சொல்வதற்கு அவளுக்கு வாயில்லை. கூட வந்த நர்ஸ்தான் சொன்னாள். குழாய்க்காரர் பெஞ்சிலேயே குனிந்து, உடம்பு குலுங்க அழுதார். அவள் பக்கத்தில் போய் உட்காரவில்லை.

ஒரு மணி நேரம் முடிந்ததும் பஞ்சை எடுத்துப் பார்த்தாள். நடுவில் கொஞ்சம் சிவப்பு. அப்போதுதான் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, அதை அவர் முன்னால் நீட்டினாள்.

"பார்த்துக்குங்க. இவ்வளவுதான்."

"மாத்திரையை நிறுத்தினதாலதான்..." என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

"மாத்திரையோட எடுத்திருந்தா இன்னும் நாலு பஞ்சு நனைஞ்சிருக்கும். நனைஞ்சா மாத்தியிருப்பாங்க. என் நெஞ்சுல இருக்கிறது நின்னிருந்தா என்னத்தை மாத்துவீங்க? அந்தச் சத்தம் கேக்காம ராத்திரி எப்படித் தூங்கியிருப்பீங்க?"

அவர் பழக்கதோஷத்தில் அவள் பக்கம் காதைச் சாய்த்தார், கேட்கிறதா என்று பார்க்க. அவள் நகர்ந்து பெஞ்சின் மறுகோடிக்குப் போய்விட்டாள்.

"இன்னிக்குக் கிடையாது."

நர்ஸ் கொண்டு வந்த மாத்திரையை அவள் கையில் வாங்கினாள். இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். குழாய்க்காரர் தலை நிமிரவில்லை.

"தண்ணி கொண்டு வாங்க" என்றாள். "உங்க வேலை அதுதான். அதை மட்டும் பாருங்க."

அவர் எழுந்து ஓடினார். முழங்காலில் அவள் எழுதியதை அவர் இன்னும் துடைக்கவில்லை.