முதல் ஞாயிற்றுக்கிழமை கைத்தட்டல்

“சொல்லிடுவேன். உன் தலகாணி நாறுதுன்னு அப்பாகிட்ட சொல்லிடுவேன்.”

“சொன்னீன்னா ஆஸ்பத்திரிக்குப் போவணும்டி. அப்பறம் இந்த மாசம் எனக்குக் கைத்தட்டு கெடைக்காது.”

“தட்டுனா மட்டும் உனக்குக் கேக்குதா? அந்தப் பக்கம் நின்னு கூப்ட்டா திரும்பவே மாட்டற. செவிடு.”

“மெதுவா பேசுடி.”

ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த அருள்ராஜ் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் நின்றுவிட்டார். உள்ளே சண்டை போட்டது அவருடைய இரண்டு பெண்கள். பெரியவள் எழிலரசிக்குப் பதினொன்று, மிரட்டிய சின்னவள் அறிவுமதிக்கு ஏழு.

கைத்தட்டு அவர் கொண்டுவந்த வழக்கம்தான். அவருடைய அப்பா வட்டிக்கு வாங்கி வாங்கியே அடி அண்ணாமலையில் இருந்த வீட்டை இழந்தவர். தன் பிள்ளைகளுக்காவது காசின் அருமை தெரியட்டும் என்று, மாதத்தின் முதல் ஞாயிறு வீட்டில் நான்கு பேரும் பாயில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்கவைப்பார். யாருக்குக் கம்மியாகச் செலவானதோ, அவருக்கு மற்ற மூவரும் கைதட்ட வேண்டும். எழில் கையில் பிடிக்க முடியாத அளவு பென்சில் கட்டையாகும்வரை எழுதுவாள். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் ஐஸ் வண்டி வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

போன வருஷம் அவளுக்கு டைபாய்டு வந்தது. “இந்த மாசம் எழில்தான்பா ஜாஸ்தி” என்று அருள்ராஜ் விளையாட்டாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரித்தாளா என்று இப்போது அவருக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதமாக அவளுக்குத்தான் கைத்தட்டு.

அன்றிரவு கேட்டபோதுதான் தெரிந்தது, அந்த எட்டு மாதமும் அவளுடைய இடது காதில் சீழ் வடிந்திருக்கிறது. விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சை எடுத்து அடைத்துக்கொண்டிருக்கிறாள். தலையணை உறையை அவளே துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். “எம்பொண்ணு இப்பவே ஒத்தாச பண்றா” என்று அவள் அம்மா அருணாதேவி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையே டாக்டரிடம் போனார்கள். அவர் வெகுநேரம் பார்த்தார். “உள்ள எலும்பயே அரிச்சிடுச்சுங்க. ஆபரேஷன் பண்ணி சீழ நிறுத்திடலாம். ஆனா இந்தக் காதுல போனது போனதுதான். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்.”

திரும்பும்போது ஆட்டோவில் அருணாதேவியும் எழிலும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். எழில்தான் கேட்டாள்.

“ஆபரேஷனுக்கு எவ்ளோப்பா ஆவும்?”

“அது எதுக்கும்மா உனக்கு?”

“வேணாம்னு சொல்லிடலாம்ப்பா. இன்னொரு காதுதான் நல்லா கேக்குதே.”

அருள்ராஜ் செங்கம் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டினார். திட்ட முடியவில்லை. அவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் ஒரு பிசகு இல்லாமல் செய்திருந்தாள்.

“நீங்களும் உங்க கைத்தட்டும்” என்றாள் அருணாதேவி. அவ்வளவுதான் சொன்னாள்.

ஆபரேஷன் முடிந்து வந்த முதல் ஞாயிறு, யாரும் சொல்லாமலே எழில் பாயை எடுத்து விரித்தாள். காதுக்கட்டோடு உட்கார்ந்துகொண்டு, “இந்த மாசம் நான்தான் ஜாஸ்தி, இல்லப்பா?” என்றாள்.

அருள்ராஜுக்காக உங்களிடம் கேட்கிறேன். காசை மதிக்கணும், ஆனால் உன்னைவிட அது பெரிசு இல்லை என்பதைப் பதினொரு வயசுக்கு எப்படிப் புரியவைப்பது? உங்கள் வீட்டில் பிள்ளைகளிடம் எப்படிச் சொன்னீர்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே எழுதுங்கள். அடுத்த மாசம் முதல் ஞாயிறும் அவள் பாய் விரிப்பாள்.