மூட்டத்தில் எரியாத கிரீடம்

என் தம்பி ராஜபாண்டியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாடக மேடையிலிருந்து சினிமாவுக்குப் போய், பதினைந்து வருடத்தில் விருது வரைக்கும் வாங்கிவிட்டான். நன்றாக நடிப்பான், அதில் குறை சொல்ல மாட்டேன். பேட்டி கொடுக்க வாயைத் திறந்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

விருது வாங்கிய அன்று டிவி பேட்டியில் அழுதான். நாடகத்துக்குப் போகக்கூடாதென்று சின்ன வயதில் அப்பா அடித்தாராம். ராஜா வேஷத்துக்கு வைத்திருந்த கிரீடத்தை, தான் கரி சுடுகிற மூட்டத்தில் போட்டு எரித்தாராம். வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். நான் குறைக்கவில்லை.

அந்தக் கிரீடத்தைச் செய்ததே அப்பாதான். பரளச்சிக் காட்டில் கரி சுட்டுவிட்டு வந்து, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, அட்டையை வெட்டி ஜிகினா ஒட்டினார். நாடகம் முடிந்தால் தேங்காயெண்ணெய் தொட்டு அவன் முகத்து அரிதாரத்தைத் துடைத்துவிடுவதும் அவர்தான். அடித்தாராம்! அந்த வீட்டில் அவரிடம் அடி வாங்கியவள் நான் ஒருத்திதான். அதுவும் அவனுடைய கிரீடத்தை எடுத்து என் தலையில் வைத்துப் பார்த்ததற்கு.

பேட்டி வந்த பிறகு திருச்சுழி பஸ்ஸில் ஒருத்தி, பெற்ற பிள்ளையை இப்படியா செய்வீர்கள் என்று அப்பாவை எல்லார் முன்னாலும் கேட்டாள். பாளையம்பட்டியில் என் தையல் கடைக்கு வருகிறவர்களும் விடவில்லை. அப்பா டீக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஏன்டா, மண்ணு பூசி மூடின மூட்டத்தைத் திறந்தா காத்து ஏறி அம்புட்டு விறகும் சாம்பலாப் போயிரும். எந்தக் கரிக்காரன்டா அதைத் திறந்து கிரீடத்தைப் போடுவான்?"

"ஈஸ்வரிக்கா, நல்ல அப்பான்னு சொன்னா எவன் கேக்குறான்? விடு."

அடுத்த மாதம் அருப்புக்கோட்டையில் அவனுக்குப் பாராட்டு விழா. அங்கே உண்மையைச் சொல்லி அப்பாவின் பெயரைச் சரிசெய்யாவிட்டால் நானே மேடையேறிச் சொல்வேன் என்றேன். சரி என்றான்.

சொல்லவில்லை. அதே கதையை அவிழ்த்துவிட்டான். கிரீடம் எரியும்போது அப்பா சிரித்தார் என்று புதிதாக வேறு சேர்த்தான். பிறகு, அவரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லி, மேடையில் உட்கார்ந்திருந்த அப்பாவின் காலில் விழுந்தான். மண்டபமே கை தட்டியது. மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன்.

"இவன் சொன்னதெல்லாம் பொய். அந்தக் கிரீடத்தைச் செஞ்சு குடுத்ததே எங்கப்பாதான்."

தம்பி வசனம் மறந்தவனாக நின்றான். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. விழா நடத்தியவர் மைக்கை அப்பாவிடம் நீட்டி, அருஞ்சுனை அய்யா, எது உண்மை என்று கேட்டார். அப்பா தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"மகன் சொன்னதுதான் நெசம். நான்தான் எரிச்சேன். இவளுக்கு அப்பச் சின்ன வயசு, வெவரம் தெரியாது."

அவனைவிட நான்கு வயது மூத்தவள் நான். தம்பி அப்பாவைக் கட்டிப்பிடித்தான், கூட்டம் விசில் அடித்தது. பொறாமை பிடித்தவள் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

வீட்டுக்குப் போகும் ஆட்டோவில், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஊரு அவனைப் பொய்யன்னு சொல்லலாமா தாயி? நான் கெட்டவனா இருந்துட்டுப் போறேன்."

"அப்ப நான் பொய்க்காரியாப்பா?"

அதை அவர் யோசித்தே பார்த்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தம்பி மேல் இருந்த கோபம் அன்றைக்கு அப்பா மேலும் வந்தது. இன்னும் போகவில்லை.