சோராபாட்டாவின் ‘ச’

ஒலியளவு காட்டும் ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. எங்கள் மேட்டுநில எஃப்எம் நிலையத்தில் எவரிஸ்தோ அண்ணன் அறிவிப்பாளர், நான் கருவி பார்ப்பவள். குமிழைக் குறைக்கச் சொல்லித் தலைபாடாய் அடித்துக்கொள்வதும் என் வேலைதான்.

“குறைச்சா மலைக்கு அந்தாண்ட யாருடி கேப்பா?”

“ஏத்துனா மட்டும் தூரம் போயிடுமாண்ணே? அளவு மிஞ்சினா குரல் கிழியும். முதல்ல கிழியறது ‘ச’தான்.”

“வந்துட்டா, எனக்குப் பாடம் எடுக்க!”

மலை ஊர்களில் தொலைபேசி கிடையாது. சொல்லியனுப்ப வேண்டியதெல்லாம் எங்கள் காலை அறிவிப்பில்தான் போகும். அன்று அவர் தொண்டை கிழியக் கத்தினார்: “சோராபாட்டா தொமிங்கா! உன் மகன் வந்துட்டான்! வானொலி வாசல்ல காத்திருக்கான், உடனே வா!” பட்டாளத்திலிருந்து திரும்பிய அந்த இளைஞன் வெளியே பெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தான்.

மதியம் தொமிங்கா வந்துவிட்டாள். செருப்பெல்லாம் புழுதி, முதுகு மூட்டையில் அவித்த உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும். இளைஞன் எழுந்து நின்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னாலும் பார்த்தாள்.

“என் புள்ள எங்க?”

“நீங்க எந்த ஊரும்மா?” என்றேன்.

“தோராபாட்டா.”

அடக் கடவுளே! மலையின் இந்தப் பக்கம் தோராபாட்டா, அந்தப் பக்கம் சோராபாட்டா; இரண்டிலும் ஒரு தொமிங்கா. கிழிந்த ‘ச’ இவளுக்குத் ‘த’வாகக் கேட்டிருக்கிறது. இவள் மகன் துணி தைக்க எல்லை தாண்டி அர்ஜென்டினா போய் மூன்று வருடமாம். ஒரு தகவலும் இல்லையாம்.

எவரிஸ்தோ அண்ணன் உள்ளே போய் அவரே குமிழைக் குறைத்தார். அறிவிப்பை நிதானமாக மறுபடி வாசித்தார். கூடத்து ரேடியோவில் ‘சோராபாட்டா’ முழுசாகக் கேட்டது. தொமிங்கா மூட்டையை அவிழ்த்து இளைஞன் மடியில் வைத்தாள்.

“சாப்புடு. உங்கம்மா வந்து சேர நாழியாகும்.”

பிறகு கதவருகே வந்து நின்றாள். “நானும் எம்புள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லட்டுமா?”

எங்கள் அலை அந்த மலையைத் தாண்டினாலே பெரிய விஷயம். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார்.

“ரொம்ப தூரமாச்சே. கத்திப் பேசணுமா?”

“வேணாம்மா. மெதுவாவே பேசுங்க,” என்றார் அண்ணன்.

“லுசியோ,” என்றாள். ஊசி பாதிவரை எழுந்தது. அவள் அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். ஊசி மெல்ல இறங்கி, பூஜ்யத்தில் போய் நின்றது.