தீக்காயம் இல்லாதவள்

1
இந்தக் கதை ஒரு கேள்வியில் என்னைப் பிடித்துக்கொண்டது. சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறியதில், உள்ளே இருந்த பெண் கூரைக் கம்பியில் தலையை இடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே: "தீக்காயம் இருக்கா?" இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெருமூச்சுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

2
முதல் வரி: பெரிய சத்தத்தோடு அறை வெடித்தபோது முருகேஸ்வரி—

(இந்த வரியை அடித்துவிட்டேன். வெடியே இல்லாத கதையை வெடியோடு ஆரம்பிக்கிறேன். நானும் இந்த ஊர்க்காரன்தானே, புத்தி அங்கேதான் போகும்.)

மறுபடி. முருகேஸ்வரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, சீசன் நேரத்தில் வேலை கெடுகிறதே என்று புலம்பிக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஜாஸ்பினுக்கு அந்தப் புலம்பல் ஆறுதலாக இருந்தது. பேசுகிறவரைக்கும் பயமில்லை. ஆனால் புருஷன் அருள்பாண்டி பையைத் தூக்கிவிட்டான்.

"பொட்டுக் காயம் இல்ல சிஸ்டர். எதுக்கு இருக்கச் சொல்றீக?"

"உள்ள வீங்கலாம்ணே. நாளைக்கு வரைக்கும் பொறுங்க."

"வெடியில மாட்டுனவுக எம்புட்டுப் பேரப் பாத்திருக்கேன். இது ஒண்ணுமில்ல."

3
(மருத்துவம் வேண்டாதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். தயவுசெய்து போகாதீர்கள்.)

மூளைக்குள் காவல் செல்கள் உண்டு. அடிபட்டதும் அவை விழித்துக்கொண்டு சேதத்தைத் துப்புரவாக்க ஓடுகின்றன. ரசாயனம் சுரந்து மற்ற செல்களையும் கூப்பிடுகின்றன. நல்ல எண்ணம்தான். முருகேஸ்வரியைப் பார்க்க ஒரு வேன் சனம் வார்டில் அடைத்துக்கொண்டு நின்றதே, அதுபோல. அவர்களை ஜாஸ்பின் விரட்டிவிட்டாள். மண்டைக்குள் விரட்ட யார் இருக்கிறார்கள்? வந்தவை சில சமயம் அடங்காமல் நல்ல செல்களையும் கெடுக்கும். வீங்குவதற்கு அங்கே இடமும் கிடையாது.

4
இதையெல்லாம் ஜாஸ்பின் வாயில் வைத்துப் பார்த்தேன். அருள்பாண்டி பாதியிலேயே கிளம்பிவிடுவான். அதனால் அவள் சுருக்கமாகச் சொன்னாள்:

"உங்க ஆளுக இங்கன அடைச்சு நின்னாகள்ல? அக்கா மண்டைக்குள்ள அப்படி ஒரு கூட்டம் கூடும்ணே."

அவன் பையைக் கீழே வைத்தான்.

"மண்ட விண்ணு விண்ணுங்குது" என்றாள் முருகேஸ்வரி. பிறகு புலம்பல் நின்றுபோனது. ஜாஸ்பின் உடனே டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினாள்.

5
முடிவு ஒன்று: டாக்டர் வருகிறார், வீக்கம் வடிகிறது, தீபாவளிக்கு முன்னால் அவள் வேனேறுகிறாள்.

முடிவு இரண்டு: அருள்பாண்டி அந்தப் பையை மட்டும் தூக்கிக்கொண்டு தனியாக— (எழுத மாட்டேன்.)

டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்கிறது. ஜாஸ்பின் குனிகிறாள்.

"அக்கா, உங்க பேரச் சொல்லுங்க."

உதடு அசைகிறது. அடுத்த வரியை எழுத எனக்குத் தைரியமில்லை. அவள் பெயர் உங்களுக்குத் தெரியும். அவளே சொல்லும்வரை, நீங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள்.